ஊடும் வீடும்

அக்கா மகளுக்கு ஐந்து வயது. வேலப்பன்சாவடியில் அவள் படிக்கும் பள்ளியில், பெற்றோர் முன்னால் பிள்ளைகள் கதை சொல்லும் நாள் வந்தது. படக்கதைப் புத்தகம் வாங்குவது என் பொறுப்பு. நத்தைக் கதை ஒன்றை எடுத்தேன். தவளை, அணில், ஓணான் மூன்றும், முதுகில் இருக்கும் வீட்டை இறக்கி வைத்துவிட்டு வேகமாக வரும்படி நத்தையிடம் சொல்கின்றன. கடைசிப் பக்கத்தில் நத்தை, "இது என் வீடு. நான் இப்படித்தான்" என்கிறது.

கதை அவளுக்குச் சீக்கிரமே மனப்பாடமாகிவிட்டது. "நத்த அது ஊட்டத் தூக்கிகினு ஊர்ந்து ஊர்ந்து போச்சு."

"ஊடு இல்லடி, வீடு. ஊன்னு வாய்ல வந்தா வீன்னு மாத்திக்கோ," என்றாள் அக்கா.

அக்காவுக்கு இது சின்ன விஷயமில்லை. கல்லூரியில் முதல் செமினாரில் 'ஊடு' என்று சொல்லிவிட்டு, படிப்பு முடியும்வரை அதையே பட்டப்பெயராகச் சுமந்தவள். மகளையும் யாரும் அப்படிக் கூப்பிட்டுவிடக் கூடாது என்ற பயம் அவளுக்கு.

மறுநாள் நத்தை "வீர்ந்து வீர்ந்து" போனது. ஊசி, வீசியானது. அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பூங்காவில் 'வீஞ்சல்' ஆட வேண்டும் என்று அடம்பிடித்தாள். அக்காவின் கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னா பாப்பா, நம்ம ஊரு இனிமே வீரா?"

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். "நா கத சொல்ல மாட்டேன். எது ஊ, எது வீன்னே தெர்ல."

மென்பொருள் சோதனை என் தொழில். ஒரு பிழையைத் திருத்தினால், அந்தத் திருத்தம் வேறு எதையெல்லாம் கெடுத்தது என்று பட்டியல் போடுவோம். இங்கே ஊசி, ஊஞ்சல், ஊர்ந்து. இப்போது கதையே நின்றுவிட்டது. பழையபடியே விட்டுவிடலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"உனக்கென்ன, உன்ன யாரு ஊடுன்னு கூப்டா?" என்றாள். மகள் அன்று சாயங்காலம் முழுக்கப் புத்தகத்தைத் தொடவே இல்லை. தூங்கப் போகும்போது அக்காவே அதை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "உனக்கு எப்டி வருதோ அப்டியே சொல்லு."

பள்ளியில் அவள் முறை வந்தது. "நத்த அது ஊட்டத் தூக்கிகினு ஊர்ந்து ஊர்ந்து போச்சு." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். மகள் நிறுத்தவில்லை, தவளையையும் அணிலையும் ஓணானையும் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அங்கே குரலை மாற்றிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "இது என் வீடு. நான் இப்படித்தான்."

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள், "அங்க மட்டும் எப்டிடி வீடுன்னு சொன்ன?"

"அது நத்த பேசுறதும்மா. புக்குல அது அப்டிதான் பேசும். மீதியெல்லாம் நான் பேசுறது."

அக்கா எதையும் திருத்தவில்லை.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு மகள் கேட்டாள், "அம்மா, ஊஞ்சல் ஊஞ்சல்தானே?"

"ஊஞ்சல்தான்," என்றாள் அக்கா. ஏரிக்கரைப் பூங்கா வழியாகவே திரும்பினோம்.