நான் கூட்டிப் போட்ட இரண்டு வயது

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை, ஒரு பெண் என் வீட்டுக்கு வந்து, பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன பொய்யை மேஜை மேல் வைத்தாள். ஜெராக்ஸ் காப்பிதான். ஆனால் கையெழுத்து என்னுடையது — முத்து முத்தாக.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், இந்தப் பத்தியில் நான் அலட்டிக்கொள்ளும் விஷயங்களில் என் கையெழுத்தும் ஒன்று. யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் கிளார்க். க்யிம்யிண்டைங் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஃபாரம் என்றால் நான்தான். சர்ச்சுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் — எல்லாரும் பேப்பரைத் தூக்கிக்கொண்டு 'சயாமா' என்று வந்து நிற்பார்கள். பர்மியில் டீச்சரம்மா என்று அர்த்தம். நான் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

வந்தவள் பெயர் யமின் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று போகப்போகப் புரியும். பத்தொன்பது வயது, தமிழ்ப் பெண்தான். நாம் பேசுவது புரியும். பதில் பர்மியில் வரும். அதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவளும் ஐந்தாறு சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைகளைப் பட்டாளத்துக்குக் கொண்டுபோகாமல் தடுக்கிற வேலை. எப்படி? கொடி, கோஷம், ஊர்வலம்... அதெல்லாம் இப்போது இங்கே நடக்கிற காரியமா? தடுப்பூசி அட்டை, ஞானஸ்நானப் பதிவு, முதல் வகுப்பு குரூப் போட்டோ — எதையாவது தேடிப்பிடித்துக் கொண்டுபோய், 'இது குழந்தை' என்று காட்டுகிறார்கள். குழந்தையைக் குழந்தை என்று நிரூபிக்க வேண்டிய காலத்தில் இருக்கிறோம்.

"உங்க சங்கத்துக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

"பேரு வச்சா தேடி வருவாங்க, சயாமா."

"உனக்குப் பயமில்லையா?"

"இருக்கு. அதனாலதான் எதையும் தள்ளிப் போடறதில்லை."

நான் அந்த ஜெராக்ஸைப் பார்த்தேன். குடும்பப் பட்டியலில் பெயர் சேர்க்கும் விண்ணப்பம். காசிம், வயது ஐந்து. நிஜத்தில் அன்றைக்கு அவனுக்கு மூன்று.

காசிமின் அம்மா ஜைனம்பு. கியாக்தான் ஊரில் வீட்டிலேயே பிறந்த பிள்ளை. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. புருஷன் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்து, படகுத்துறைப் பக்கம் கருவாடு விற்க உட்கார்ந்தாள். மூத்தவள் பள்ளிக்கூடம் போனால் சின்னவனை யார் பார்ப்பது? அவனையும் சேர்க்க வேண்டுமென்றால் குடும்பப் பட்டியலில் ஐந்து வயது இருக்க வேண்டும்.

"ரெண்டு வயசு கூட்டிப் போடுங்க சயாமா. அக்காவும் தம்பியும் ஒண்ணா போயி ஒண்ணா வந்துரும்."

இதில் என்ன அதிசயம்? நம்மவர்களில் பாதிப் பேருக்கு வீட்டு வயது ஒன்று, பள்ளிக்கூட வயது ஒன்று. சிரிக்காதீர்கள் — உங்கள் சர்டிபிகேட்டிலும் ஜூன் முதல் தேதிதானே இருக்கிறது? அன்றைக்குக் காசிமை என் மேஜைக்கு முன்னால் நிறுத்தி, தலைக்கு மேலாகக் கையைச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னேன். கை உச்சந்தலையைக்கூடத் தாண்டவில்லை. நானும் ஜைனம்புவும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே ஐந்து என்று எழுதினேன்.

இப்போது வார்டு ஆபீஸில் அந்தக் குடும்பப் பட்டியலை வைத்துத்தான் பட்டாளத்துக்குக் குலுக்கல். பதினெட்டு நிறைந்தவர்களின் பெயர்களுக்குள் காசிம் பெயரும் இருந்தது. அவன் பெயரே விழுந்தது. அடுத்த திங்கட்கிழமை பையோடு வந்து நிற்க வேண்டும். பதினெட்டு ஆகாதவரைப் படையில் சேர்க்கக் கூடாது என்று இந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. சொல்லி என்ன? அவனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது என்று பேப்பர் சொல்கிறது. பேப்பர் நான் எழுதியது.

"நீங்க எழுதித் தரணும்" என்றாள் யமின். "நான்தான் ரெண்டு வயசு கூட்டினேன், இவனுக்குப் பதினாறுதான்னு. கையெழுத்துப் போட்டு, நேர்லயும் வரணும்."

"என்னை ஏதாவது செய்வாங்களா?"

"செய்யலாம்" என்றாள். என்னிடம் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

இரண்டு நாள் டைம் கேட்டேன்.

புதன்கிழமை ஒரு கடிதம் எழுதினேன். ஒரு வார்த்தை பிடிக்கவில்லை, கிழித்தேன். வியாழக்கிழமை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒரு நகல், இன்னொரு நகல், மூன்றாவது நகல்... எழுத்து அழகாக இருந்தால் ஆபீஸில் மதிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவா? பயம் ஐயா, பயம். இன்சீன் என்ற பெயர் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அங்கே நல்ல சந்தை இருக்கிறது, ரயில் பட்டறை இருக்கிறது. ஆனால் யாங்கோனில் அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் சந்தை ஞாபகம் வருவதில்லை. ஜெயில்தான் ஞாபகம் வரும்.

வெள்ளிக்கிழமை வார்டு ஆபீஸுக்குப் போனோம். யமின் எதிர்ப்பக்கத்து டீக்கடையிலேயே இருந்துவிட்டாள். அவள் முகம் அங்கே தெரியக் கூடாது. வராந்தா பெஞ்சில் ஜைனம்பு, நான், நடுவில் காசிம். மீசைகூட ஒழுங்காக அரும்பவில்லை. செல்போன் ரிப்பேர் படிக்கிறான். கடிதத்தை வாங்கிப் படித்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சயாமா, எனக்குப் பதினெட்டு இல்லியா?"

அவனுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆறு மாசத்துக்கு முன்னால் சிநேகிதர்களுக்கு மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்துப் பதினெட்டாவது பிறந்தநாள் கொண்டாடியிருக்கிறான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், காதைத் தொடச் சொன்ன கதை உட்பட.

"அப்ப ரெண்டு வருஷம் மிச்சம்" என்று சிரித்தான். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உள்ளே இருந்த அதிகாரி மரியாதைக்காரர். உட்காரச் சொன்னார். என் கடிதத்தை முழுசாகப் படித்தார். பிறகு ஃபைலிலிருந்து பழைய விண்ணப்பத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் உங்க கையெழுத்து, சயாமா. எதை நம்பறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "குலுக்கல் பட்டியல் நேத்து மத்தியானம் மேல போயிடுச்சு. புதன்கிழமை வந்திருந்தீங்கன்னா, ஏதாவது பார்த்திருக்கலாம்."

நிஜமாகவே பார்த்திருப்பாரா? இல்லை, எங்களை வெளியே அனுப்ப ஒரு சாக்கா? தெரியாது. இனி தெரியவும் போவதில்லை. கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். என் பெயரைக்கூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எதற்காக மூன்று நாள் நடுங்கினேனோ, அதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

வெளியே வந்ததும் ஜைனம்பு என் கையைப் பிடித்தாள். "நாந்தானே கேட்டேன் சயாமா. நீங்க என்ன செய்வீங்க?"

திட்டியிருக்கலாம். நாலு பேர் பார்க்க மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் செய்கிற கெடுதல் எல்லாம் துப்பாக்கியோடு வருவதில்லை என்று இப்போது புரிகிறது. பாதி, நல்ல மனசோடு, நீல மையில் எழுதப்படுகிறது. துப்பாக்கிக்காரன் பிறகு வந்து அதைப் படித்துப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை காசிம் போனான். முதுகில் பள்ளிக்கூடப் பை — வீட்டில் இருந்தது அந்தப் பை ஒன்றுதான். அம்மாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். வார்டு ஆபீஸ் கேட் பக்கத்தில் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நின்றான். வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொட்டுக் காட்டினான்.

இப்போது எட்டுகிறது. லாரி ஏறிப் போய்விட்டான். இதை எழுதுகிற வரை அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஜைனம்பு வழக்கம்போலப் படகுத்துறையில் கருவாடு விற்கிறாள். நான் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

புதன்கிழமை யமின் மறுபடி வந்தாள். அழவில்லை, என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. ஒரு நோட்டை மேஜை மேல் வைத்தாள். கோடு போடாத, புது நோட்டு.

"இன்னும் யார் யாருக்கு வயசு கூட்டிப் போட்டீங்க, சயாமா?"

முப்பது வருஷம் ஃபாரம் எழுதியிருக்கிறேன். யாரை என்று சொல்வது? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த அப்பாக்கள், ஃபாரத்தை முந்தானையில் முடிந்து வந்த அம்மாக்கள், எட்டாத காதைத் தொட முயன்ற சின்னச் சின்னக் கைகள்... எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன. அதில் இன்றைக்குப் பதினாறும் பதினேழும் ஆனவர்கள் இருக்கிறார்கள். பேப்பரில் பதினெட்டு ஆனவர்கள்.

"எல்லாருக்கும் தனித்தனியா எழுதித் தரேன்" என்றேன். "கையெழுத்தும் போட்டுத் தரேன்."

நோட்டைப் பிரித்தேன். வழக்கப்படி ஸ்கேலை எடுத்தேன் — பெயர், நிஜ வயது, நான் எழுதிய வயது என்று மூன்று கட்டம் போட.

அவள் ஸ்கேலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் தள்ளி வைத்தாள்.

"கோடு வேண்டாம், சயாமா. பேரைச் சொல்லுங்க."