சிப்பியும் முஸ்கடே வைனும்

1964 மார்ச் 12, வியாழக்கிழமை. வழக்கம்போல் வீடிருக்கும் ஓர்ஸ் ஹில்லிலிருந்து நடந்து இறங்குதுறைக்குப் போனேன். கப்பல் முகவர் கந்தோரில் நான் எழுதுவினைஞர். பிரெஞ்சுக் கப்பலொன்றின் பத்திரங்களை முடித்ததும், அதன் சமையற்காரர் என்னையும், என்னைக் கப்பலுக்கு ஏற்றி வந்த வள்ளக்காரர் காசிமையும் சாப்பிட இருத்தினார்.

பச்சைச் சிப்பிகளை உடைத்து, தேசிக்காய் மட்டும் பிழிந்து வைத்தார். காசிம் தேத்தண்ணீர் கேட்டார். எனக்கு முஸ்கடே என்ற வெள்ளை வைன். இனிப்பே இல்லை, கடற்காற்றைப் போல மெல்லிய உப்பு நாக்கில் நின்றது. லுவார் ஆறு கடலில் சேரும் தன் ஊரில் அந்தத் திராட்சை விளைகிறது என்றார் சமையற்காரர். மனைவியோடிருந்து சிப்பியும் முஸ்கடேயும் சாப்பிட்டு இரண்டு வருடமாம். தன் கிளாஸை அவர் தொடவேயில்லை.

“உங்கள் மனைவி எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கோபித்துக்கொண்டு, குடாவுக்கு அப்பால் கிளிவெட்டியில் தாய்வீட்டில் இருக்கிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, “தூரத்தில்” என்றேன்.

விஷயம் தெரிந்த காசிம் சிரித்தார். “என்ன தூரம், ஐயா? அவருக்கு ஏழு கடல். உங்களுக்கு மூதூர் லோஞ்சும் ஒரு பஸ்ஸும்தானே.”

“அவ வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.”

“அவவும் அப்பிடித்தான் பாத்துக்கொண்டிருப்பா.”

எங்கள் கதை விளங்காத சமையற்காரர் என் கிளாஸை மறுபடி நிரப்பினார். நான் அதைத் தள்ளி வைத்தேன்.

மறுநாள் காலை, முதல் வேலையாக மூதூர் லோஞ்சில் ஏறினேன்.