கையைப் பிரிக்காதே

நேற்று அக்காவிடம் பாதியை உளறிவிட்டேன். அதற்குள் அத்தான், பெரியண்ணன் எல்லோரும் "வேலையை விட்டுட்டு வா" என்று ஆளுக்கொரு செய்தி. முழுசாகக் கேளுங்கள். ஃபோனில் பேசப் பேச அது எழுதிக்கொண்டே போகிறது. எழுத்துப் பிழை இருந்தால் ஃபோனுடையது. பயம் இருந்தால் என்னுடையது. மற்றதெல்லாம் நடந்தது. என் கண் எதிரே நடந்தது.

யங்ஸ்டவுனில் ஆற்றோரம் ஒரு பழைய எஃகு ஆலை. அதில் மிச்சமிருக்கும் ஒரே கொட்டகையை வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதுதான் இரண்டு வருஷமாக என் வேலை. கார்மி முன்பக்கம் டிக்கெட் கிழிப்பாள். அவள்தான் நிர்வாகி, காவல்காரி, எல்லாம். இளவேந்தன் என்ற பெயர் வாயில் நுழையாமல் என்னை "ஈவன்" ஆக்கியவளும் அவள்தான்.

கொட்டகையில் பார்க்க ஒன்றே ஒன்றுதான். கிரேன். கூரைக்குக் கீழே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓடும் இரும்புப் பாலம். அதன் ஓரத்தில் கண்ணாடி போட்ட ஓட்டுநர் கூண்டு. நடுவில் ஆள் உயரக் கொக்கி. ஆலை ஓடிய காலத்தில் இரைச்சலில் பேச்சுக் கேட்காது. கீழே நிற்பவன் கையால் காட்டுவான், கூண்டில் இருப்பவன் அதன்படி ஓட்டுவான். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால், தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால், இறக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பேன். நாற்பது விரல் ஒன்றாகச் சுழலும். எதுவும் அசையாது. சிரிப்பார்கள்.

முடிவில், அந்தக் காலத்தில் கையால் காட்டுகிறவன் நின்ற மஞ்சள் கோட்டில் நின்று கும்பிட்டு, வணக்கம் சொல்லி அனுப்புவேன். நம் ஊர்ப் பழக்கம், விடவில்லை.

கும்பிட்டதும் மேலே ஒரு சத்தம் வரும்.

டக்.

ஒவ்வொரு முறையும். குளிரில் இரும்பு சுருங்குகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஜனவரியில் இன்னொன்று. கூண்டின் கண்ணாடியில் மூச்சுப் படிந்தது மாதிரி ஆவி. வெளியே இல்லை... உள்பக்கம். அந்தக் கூண்டுக்கு ஏணியே கிடையாது. நான் பிறப்பதற்கு முன்பே அறுத்துவிட்டார்கள்.

கார்மியிடம் சொன்னேன்.

"புறா மூச்சு விடும். போய் வேலையைப் பாருடா கண்ணு."

"புறா கதவைச் சாத்திக்கிட்டா உக்காரும்?"

"குளிருதுல்ல? சாத்திக்கும்."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நிலத்துக்காரர் கிரேனைப் பழைய இரும்புக்கு விற்க முடிவு செய்துவிட்டார். கிரேன் போனால் கொட்டகைக்கு எவன் வருவான்? கொட்டகை மூடினால் கார்மிக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. செவ்வாய்க்கிழமை அளவெடுக்க ஓர் ஆள் வந்தான். லாயிட் என்று பெயர். பெரிய உடம்பு, மஞ்சள் தலைக்கவசம்.

கார்மி மேஜையில் கல்யாண வீட்டில் மிஞ்சிய பிஸ்கட் தட்டு இருந்தது. கேட்காமலே இரண்டு எடுத்தான்.

"இந்த ஊர்ல பார்க்க என்னம்மா இருக்கு? பொழுதுபோக்குப் பார்க் எரிஞ்சு போச்சு. அந்தக் குதிரை ராட்டினத்தைக்கூட நியூயார்க்குக்கு வித்துட்டீங்க."

"ஆமா, வித்தோம். அதுக்கே இன்னும் வயிறு எரியுது. இதையும் தூக்கிட்டுப் போகலாம்னு பாக்காதே."

"இது துரும்மா."

"எங்க துரு. பிஸ்கட்டை வெச்சுட்டுப் போய் அளவெடு."

உள்ளே நானும் அவனும் மட்டும். மேலே விளக்கடித்துப் பார்த்தான். "ஒயரை எல்லாம் எப்பவோ உருவி வித்துட்டாங்க. கரண்ட் இல்ல. பிரேக் துருவுல இறுகிக் கெடக்கு. இது பொணம் தம்பி."

அதையே அவன் முதலாளிக்கும் ஃபோனில் சொல்லி முடித்துவிட்டுக் கை குலுக்க வந்தான். மணி நாலு பத்து. வெளியே பனி, உள்ளே சாம்பல் வெளிச்சம். நான் பழக்கத்தில் கும்பிட்டுவிட்டேன்.

டக்.

"இது என்ன, கோயிலா?" சிரித்தபடி என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து... கையைப் பிரித்து விட்டான்.

மேலே வேறு சத்தம்.

கிர்ர்ர்...

இரண்டு வருஷத்தில் கேட்டதே இல்லை.

அவன் கேட்கவில்லை. கொக்கிக்கு நேர் கீழே போய் நின்றான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். விரலைக் கீழே நீட்டிச் சுழற்றினான். "எங்கே, எறக்கு பாப்போம்! எறக்கு!"

கொக்கி இறங்கியது.

ஆடவில்லை. விழவில்லை. ஒரு கை பார்த்துப் பார்த்து இறக்குவது மாதிரி... மெதுவாக... நேராக.

துருத்தூள் அவன் தோளில் விழுந்தது.

நிமிர்ந்தான். கால் நகரவில்லை. விரல் மட்டும் நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தது. நிறுத்த மறந்துவிட்டான்.

கத்த நினைத்தேன்.

என்ன செய்வது...

கும்பிட்டேன்.

வேண்டாம் என்று... யாரிடம் என்றே தெரியாமல்... கும்பிட்டேன்.

டக்.

நின்றது.

கொக்கியின் நுனி அவன் தலைக்கவசத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவன் பின்னால் நகர்ந்து, திரும்பி, ஓடினான். நான் கையைப் பிரிக்கவில்லை. கும்பிட்டபடியே பின்னால் நடந்து, கதவை முதுகால் தள்ளித்தான் வெளியே வந்தேன்.

கார்மி ஃபோனில் இருந்தாள். எதிர்முனையில் லாயிட், அவன் வண்டியிலிருந்து.

"ஆடுதா? நீதானே ஒயரே இல்லேன்னு உங்க முதலாளிக்கு இப்பத்தான் சொன்னே? போய் ஆடுதுன்னு சொல்லு, சிரிப்பாரு." வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கையை ஏன்டா இப்படி வெச்சிருக்கே?"

சொன்னேன். எல்லாவற்றையும். இரண்டு வருஷத்து டக் உட்பட. என் சுற்று முடிவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"கும்பிட்டதைத் திரும்பக் காட்டு."

காட்டினேன். கார்மி உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஆலையில் அது கும்பிடு இல்லையாம். கீழே நிற்பவன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தால், "எல்லாம் அப்படியே நிக்கட்டும், நான் கையைப் பிரிக்கிற வரைக்கும் எதையும் அசைக்காதே" என்று பொருளாம்.

"எங்கப்பா கீழே நின்னவரு. மேலே கூண்டுல ஹ்ரிவ்னாக்குன்னு ஒருத்தர். எழுபத்தேழாம் வருஷம், ஒரு திங்கக்கெழமை. அப்பா கையைச் சேர்த்து நிறுத்தச் சொல்லிட்டுச் சங்கிலியைப் பாக்கக் குனிஞ்சிருக்காரு. ஆலையை மூடுறாங்கன்னு யாரோ கத்திக்கிட்டு வந்தான். எல்லாரும் வாசலுக்கு ஓடினாங்க. அப்பாவும்."

"கையைப் பிரிக்காமலேயா?"

"பிரிக்காம. ஹ்ரிவ்னாக்கை எறங்கச் சொல்லி ஆள் போயிருக்கு. 'அவன் கையைப் பிரிக்கட்டும், எறங்குறேன். மூடுறவன் எவனா இருந்தா எனக்கென்ன'ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. மறுநாள் காலையில அப்பாதான் ஏணி ஏறிப் பாத்தாரு. கை நெம்புகோல் மேலேயே இருந்துச்சாம். உடம்பு சில்லுன்னு."

கார்மி பிஸ்கட் தட்டை ஓரமாகத் தள்ளினாள்.

"அப்பா சாகுறப்போ ரெண்டு கையையும் சேக்குறதும் பிரிக்கிறதுமாவே கெடந்தாரு. அப்பத்தான் இதையெல்லாம் சொன்னாரு. மருந்தால உளறுறாருன்னு நெனைச்சேன்."

இரண்டு வருஷமாகத் தினமும் கையைச் சேர்த்து, கூண்டைப் பார்த்து "நில்" என்று சொல்லிவிட்டு, கையைப் பிரிக்காமலே முதுகைத் திருப்பி வெளியே போயிருக்கிறேன் நான். கூண்டில் அவரும் நின்றிருக்கிறார்.

முதலாளி சிரித்தாரோ என்னவோ, லாயிட் விடவில்லை. திங்கட்கிழமை வெட்டுகிற ஆட்களோடு வருகிறான். "நீ வர வேண்டாம்டா கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றாள் கார்மி.

"உனக்கு அந்தக் கும்பிடு வராது. நான்தான் வரணும்" என்றேன்.

அதனால் அக்கா, நான் ஊருக்கு வர டிக்கெட் பார்க்காதே. அத்தான், "பயந்தாங்கொள்ளி" என்று சிரியுங்கள், பரவாயில்லை. பயந்துகொண்டேதான் போவேன். மஞ்சள் கோட்டில் நிற்பேன். ஒயர் இல்லாத, பிரேக் இறுகிய அந்தப் பிணத்தின் கீழே அவர்கள் வந்து நிற்கட்டும். கையைச் சேர்ப்பதா பிரிப்பதா என்று அப்போது பார்த்துக்கொள்கிறேன். கை என்னுடையது.

இன்று காலை போய்ப் பார்த்தேன். கொக்கி அதே இடத்தில், லாயிட்டின் தலை உயரத்தில் தொங்குகிறது. கூண்டின் கண்ணாடி முழுக்க ஆவி.

நடுவில் மட்டும் ஒரு வட்டம், உள்ளிருந்து துடைத்திருந்தது.

மஞ்சள் கோட்டுக்கு நேராக.