மாமியாரிடம் கேட்ட கேள்வி

ஜலகண்டாபுரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறாள் நர்மதா. ஊருக்குள் அவளுக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு. நல்ல பெயர், ஊசி போட்டால் வலிக்காது என்பதால் வந்தது. கெட்ட பெயர் ஒரு கேள்வியால் வந்தது.

வைத்தியத்துக்கு வரும் பெண்களிடம் குடியைப் பற்றி அங்கே முன்பெல்லாம் ஒன்றுதான் கேட்பார்கள். "ஊட்டுக்காரர் குடிப்பாருங்களா?" கேட்டதும் மடை திறந்த மாதிரி புலம்பல் வரும். அதோடு விஷயம் முடிந்தது. அந்தப் பெண்ணே குடிக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றினாலும் கேட்க வாய் வராது. குடும்பப் பெண்ணைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது!

நர்மதா கேட்டாள். கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பி.பி. பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, சர்க்கரை இருக்கா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள். "மேலு வலிக்கோ தூக்கத்துக்கோ பிராந்தி, பீருன்னு ஏதாச்சும் எடுத்துக்கறதுண்டுங்களா?" காலேஜ் பெண்ணிடமும் கேட்டாள், பேரன் பேத்தி எடுத்தவளிடமும் கேட்டாள். ஒருத்தியை மட்டும் பொறுக்கிக் கேட்டால் அவளுக்கு அவமானம், எல்லோரையும் கேட்டுவிட்டால் யாருக்கும் இல்லை என்பது அவள் கணக்கு. டாக்டர் யுவஸ்ரீயும் அவளுக்குப் பக்கபலமாக நின்றார்.

ஊர் சும்மா இருக்குமா? நர்ஸுக்குக் கொழுப்பு என்றார்கள். ஒருத்தி சீட்டை மேசையில் விட்டெறிந்துவிட்டுப் போனாள். "நம்மளையெல்லாம் கேக்கறாளே, அவ மாமியாளைக் கேப்பாளா?" என்று தறிப் பட்டறைகளில் சிரித்தார்கள். அது நர்மதாவின் காதுக்கும் வந்தது.

அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. சௌந்திரம் என்கிற தறிக்காரி. கை நடுங்குகிறது, அறுந்த இழையை முடிச்சுப் போட முடியவில்லை, சத்து டானிக் கொடுங்கள் என்று இரண்டு தடவை வந்திருந்தாள். கண் மஞ்சளாகத் தெரிந்தது. கேட்டதற்கு, "அய்யோ, அதெல்லாம் இல்லைங்க" என்று தரையைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்காவிட்டால் ஈரல் கெட்டு ஆளே போய்விடுவாள் என்று நர்மதாவுக்குத் தெரியும். பிடுங்கிக் கேட்டால் அப்புறம் வரவே மாட்டாள் என்பதும் தெரியும்.

அப்படி இருக்கையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பெஞ்சு நிறையக் கூட்டம். கடைசியில் சௌந்திரம். அப்போது வாசலில் வந்து நின்றவர் முத்தாயம்மாள், நர்மதாவின் மாமியார். ஜவுளிக்கடைக்காரரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் அம்மாள். எப்போதும் மேட்டூரில் தனியார் டாக்டரிடம்தான் பிரஷர் மாத்திரை வாங்குவார். அந்த டாக்டர் ஊரில் இல்லை.

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அவருக்கு முதலில் வழிவிட்டார்கள். நர்மதா யோசித்தாள். சாயங்காலம் அதே வீட்டுக்குத்தானே போக வேண்டும்! பிரஷரை மட்டும் பார்த்து அனுப்பினால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஆனால் சௌந்திரம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்மதா மாமியாரை உள்ளே அழைத்துத் திரையை மூடினாள். உள்ளேயிருந்து, "என்னது?" என்ற முத்தாயம்மாளின் குரல் மட்டும் வெளியே கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மாத்திரையோடு வெளியே வந்தவர், பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க? என்னையுந்தான் கேட்டா. போயிப் பதில் சொல்லுங்க."

சௌந்திரத்தின் முறை வந்தது. பட்டையைச் சுற்றும்போது அவள் முந்திக்கொண்டாள்.

"உங்க மாமியா என்னங்க சொன்னாங்க, சிஸ்டர்?"

"அதை உங்ககிட்டச் சொல்றவ, நீங்க சொல்றதை நாளைக்கு இன்னொருத்தர்கிட்டச் சொல்ல மாட்டாளுங்களா?"

சௌந்திரம் அவளையே பார்த்தாள். அப்புறம் உடைந்து அழுதாள். "இடுப்பு வலிக்குன்னு ஊட்டுக்காரரு பாட்டில்ல இருந்து கலர் சோடாவுல கலந்து குடிச்சேனுங்க. இப்பக் காலையில அது இல்லாம கை நிக்க மாட்டேங்குது. குடிச்சுப்போட்டுத்தானுங்க வாரேன்."

நர்மதா திட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிட்டீங்கல்ல, இனி நாங்க பாத்துக்கறோம். நீங்களா திடுதிப்புன்னு நிறுத்தீராதீங்க, வலிப்பு வந்துரும்." அன்றைக்கே டாக்டர் யுவஸ்ரீ, சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார்.

ராத்திரி சாப்பிடும்போது நர்மதாவின் கணவன் சரவணக்குமாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மாவையே கேட்டியாமா! என்ன சொன்னாங்க?" அடுப்படியில் முத்தாயம்மாளின் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஏனுங்க, கொழம்பு ஊத்தட்டுங்களா?" என்றாள் நர்மதா.

அவன் இன்றுவரை கேட்டுப் பார்க்கிறான். நடக்கவில்லை. சௌந்திரம் தேறி வந்து தறியில் நிற்கிறாள், முடிச்சு ஒழுங்காக விழுகிறது. மேட்டூர் டாக்டரும் ஊருக்குத் திரும்பிவிட்டார். முத்தாயம்மாள் மட்டும் அங்கே போவதில்லை. மாதா மாதம் பெஞ்சில் உட்கார்ந்து, முறை வந்ததும் மருமகளிடம்தான் கையை நீட்டுகிறார்.