பிடி வைத்த கிளாஸ்

கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்தவன் நான். சர்வீஸ் முழுக்கக் கம்பிகளோடு புழங்கியும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஷாக் அடித்ததில்லை. அடித்தது ஒரே ஒரு தடவை. அதுவும் கம்பத்தில் இல்லை, செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு காபிக் கடை வாசலில்.

அறுபதுகளின் நடுவில், கிராமத்துப் பம்புசெட்டுகளுக்கெல்லாம் லைன் இழுத்துக்கொண்டிருந்த காலம். மெட்ராஸில் பிறந்து வளர்ந்த என்னைத் தூக்கிச் செஞ்சியில் போட்டார்கள். நைனா, அதாவது என் அப்பா, ரயில் பட்டறையில் ஃபிட்டர். அவர் பிறந்தது தொண்டூர்ப் பக்கம் ஒரு கிராமம். மீசை முளைக்கிற வயதில் அங்கிருந்து கிளம்பியவர், ஒரு கல்யாணம் கருமாதிக்குக்கூடத் திரும்பிப் போனதில்லை. காரணம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். என் ஆர்டரை வாங்கிப் பார்த்தவர், "செஞ்சியா?" என்றார். ஆர்டரை மடித்துக் கையில் கொடுத்தபடி, "ஸ்டவ் ஒண்ணு வாங்கித் தரேன். காபிய ரூம்லயே போட்டுக்க. கடை கடையா அலையாத" என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்னைப் பொறுத்தவரை காபி என்பது கடையில் குடிப்பது. வீட்டில் குடிப்பதெல்லாம் மருந்து. பட்டறை வாசலுக்கு எதிரே இருந்த கடையில், நைனா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து குடித்துப் பழகிய நாக்கு இது. அதைப் போய் ஸ்டவ்வுக்கு முன்னால் உட்கார வைக்க முடியுமா?

செஞ்சியில் இறங்கிய மறுநாளே வேட்டையை ஆரம்பித்தேன். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு கடை. கொடுத்தது காபியா, பாத்திரம் கழுவிய தண்ணீரா என்று கடைக்காரரையே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, "பஸ்சுக்குப் போறவங்களுக்கு இது போதும்" என்றார். திருவண்ணாமலை ரோட்டில் இன்னொன்று. அங்கே சிக்கரிக் கசப்பு மறுநாள் வரைக்கும் தொண்டையை விட்டுப் போகவில்லை. கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு அம்மா டீ மட்டும்தான் போடுவார். சிங்கவரத்தில் நல்ல பால் என்று யாரோ சொல்ல, லைன் பார்க்கிற சாக்கில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். பால் நல்ல பால்தான். காபி இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஊர் டிரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

கடைசியில் மூக்குதான் வழி காட்டியது. கடைத்தெருவில் மளிகைக் கடைகளைத் தாண்டி வரும்போது புதிதாக இறக்கிய டிகாஷன் வாசனை. நேராக நுழையப் போனேன். கல்லாவிலிருந்தவர் எழுந்து நின்று, "புதுசா வந்திருக்கிற கரண்ட் சாரா? வாங்க வாங்க" என்றார். நெற்றியில் விபூதி, சட்டையில்லாத உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. சொந்த ஊர் விசாரித்தார். மெட்ராஸ் என்றேன். அப்பா பிறந்த ஊர் கேட்டார். சொன்னேன். "அந்த ஊர்ல எந்தப் பக்கம் சார்?" என்றார். நைனா எப்போதாவது சொல்லிக் கேட்டிருந்ததை அப்படியே சொன்னேன்: ஏரிக்குக் கிழக்கே.

"உள்ள ஒரே அடுப்புப் புகை சார். நீங்க காத்தாட வெளிய உக்காருங்க" என்று புங்கமரத்தடியில் முக்காலி போட்டுக் கொடுத்தார். எதிரே ராஜகிரி மலை. அன்றைக்குக் குடித்த காபியை என் நாக்கு இன்னும் மறக்கவில்லை. பட்டறைக் கடையே தோற்றுவிட்டது. மறுநாள் போனபோது மரத்தில் ஆணி அடித்து, அதில் பிடி வைத்த கண்ணாடி கிளாஸ் ஒன்று மாட்டியிருந்தது. புத்தம் புதுசு. "உங்களுக்குன்னு தனியா வாங்கியாந்தேன் சார்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நைனாவுக்கும் பட்டறை கேன்டீனில் இப்படித்தான் ஒரு எனாமல் குவளை, அவருக்கென்று அடித்த ஆணியில் தொங்கும். அவரே எடுத்துக் கழுவி, குடித்துவிட்டு, மறுபடி கழுவி மாட்டுவார். அதை மற்றவர் தொட்டால் சண்டைதான். சின்ன வயதில் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போகும்போதெல்லாம் அதைப் பார்த்து, பெரிய மனுஷனென்றால் தனிக் குவளை வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இந்தக் கடைக்கு வந்து இரண்டு நாள் ஆகவில்லை, எனக்கும் ஒன்று! மற்றவர்களுக்கு உள்ளே சாதாரணப் பித்தளை டம்ளர்தான்.

நானே எடுத்துக் கழுவிக்கொள்வேன். கிளாஸை நீட்டினால் கடைக்காரர் ஒரு முழ உயரத்திலிருந்து நுரை பொங்க ஊற்றுவார். ஒரு சொட்டு சிந்தாது, பாத்திரம் கிளாஸில் படாது. கைத்தேர்ச்சி என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். காசைக் கையில் வாங்க மாட்டார். "அங்க வச்சிட்டுப் போங்க சார், உங்ககிட்ட இன்னா கணக்கு" என்பார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

இவனுக்கு விவரமே தெரியாதா என்று கேட்பீர்கள். காதில் விழுந்திருக்கிறது. ஆனால் அதெல்லாம் அந்தக் காலத்துக் கிராமத்துச் சங்கதி, தெருவிளக்கு எரிகிற டவுனில் இருக்காது என்று நம்பினேன். அந்த விளக்கை எரியவைப்பதே என் ஆபீஸ்தானே என்று கொஞ்சம் திமிரும் இருந்தது.

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது நைனாவிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். "உனக்குப் பட்டறையில குவளை மாதிரி, எனக்கும் அங்க தனி கிளாஸு நைனா."

கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "எங்க மாட்டியிருக்கான்? உள்ளயா, வெளியயா?"

"வெளிய. மரத்துல."

வெட்டிய துண்டை என் கையில் கொடுத்தார். "காபி நல்லா இருக்குதா?"

"அமிர்தமா இருக்குது நைனா."

"சரி, குடி" என்று மறுபடி வெட்ட ஆரம்பித்தார். இன்னும் இரண்டு வார்த்தை பாராட்டிச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு மனத்தாங்கல்கூட வந்தது.

அப்புறம் ஒரு நாள் கழனிப் பக்கம் கம்பி அறுந்துவிட்டதென்று விடிவதற்கு முன்பே கூட்டிக்கொண்டு போனார்கள். வேலை முடிந்து, வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே கடைக்கு வந்தேன். என் ஆணி காலியாக இருந்தது. மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு, தலையில் முண்டாசு. மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் கூலிக்குப் போகிறவர். கையில் என் கிளாஸ்.

"யோவ், அது என் கிளாஸுய்யா!" என்று கத்தினேன். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அவர் பதறி எழுந்தார். "சார், நம்ம கிளாஸுதானேன்னு எடுத்தேன் சார்."

"நம்ம கிளாஸா?"

"ஆமா சார். நம்ம சேரி ஆளுங்களுக்குன்னு வெளிய வக்கிற கிளாஸு. நீங்களும் ஏரிக்குக் கிழக்கால வூட்டுப் புள்ளன்னு கடைக்காரரு சொன்னாரே."

கரண்ட் பிடித்துக்கொண்டால் கையை உதற முடியாது, அப்படி நின்றேன். முக்காலி, மரம், ஆணி, மேலிருந்து ஊற்றிய காபி, கையில் வாங்காத காசு, பட்டறையில் தொங்கிய நைனாவின் குவளை, எல்லாம் ஒவ்வொன்றாக என் கண்ணெதிரே திரும்பி வேறு முகத்தைக் காட்டின. இத்தனை மாதமாக இதற்குத்தானா நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்?

கடைக்காரர் வெளியே வந்தார். முகத்தில் குற்ற உணர்ச்சியா இருந்தது? துளியும் இல்லை, வருத்தம்தான். "கோச்சிக்காதீங்க சார். உங்களுக்காகத்தான் வாங்கியாந்தேன், சாமி சத்தியமா. அதுக்கு முன்ன இங்க தகர டப்பாதான் கெடந்துது. ஆபீசருக்குப் போயி தகர டப்பாவுல குடுக்கலாமா? அதான் கண்ணாடியா பார்த்து வாங்கினேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது. மனதார மரியாதை செய்வதாகவே அந்த மனுஷர் நினைத்திருக்கிறார். நான் அந்தக் கிளாஸைப் பிடுங்கினேன். கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுவரில் அடித்துச் சுக்குநூறாக்க வேண்டும் என்று கையை ஓங்கினேன்.

"சார், ஒடைச்சிடாதீங்க சார்." கூலிக்காரர் மெதுவாகச் சொன்னார். "நீங்க வந்தப்புறம்தான் எங்களுக்குக் கண்ணாடி. ஒடஞ்சா மறுபடி டப்பாதான்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. கடைக்காரர் மேல் வந்த கோபம் அந்தச் சொல்லில் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது. கிளாஸைக் கூலிக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் நைனாவின் குரல்தான் கேட்டது. உள்ளயா, வெளியயா? அப்படியென்றால் அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்காரர் செய்ததைவிட அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

லீவு சொல்லிவிட்டு மெட்ராஸுக்குப் பஸ் ஏறினேன். மறுநாள் காலையில் பட்டறைக்கு எதிர்க்கடையில், உள்ளே, எங்கள் பழைய பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். காபி வந்தது. நான் தொடவில்லை. நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சிடுச்சா?" என்றார்.

"உனக்குப் பொங்கலன்னிக்கே தெரியுமில்ல? அப்புறம் இன்னாத்துக்கு நைனா சொல்லாம வுட்ட?"

அவர் தன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்குதுன்னு சொன்னியேடா."