ஆட்டுப்பட்டி இல்லாத படம்

மாரமங்கலத்து மாதப்பன் தரையில் நின்று சம்பாதித்தது குறைவு. எஸ்டேட்டில் நிழல்மரங்களில் ஏறி, அவற்றில் படர்ந்த மிளகைப் பறிப்பவன். உச்சிக் கிளையில் இரண்டு கையையும் விட்டுவிட்டு அவன் நிற்பதைப் பார்த்த எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை, மிளகுக் கூடையை வாங்கிக்கொண்டு கேமராவைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் சேர்வராயன் மலைக்கு விமானம் எங்கே வந்தது? ஆகாயத்திலிருந்து எஸ்டேட்டைப் படமெடுக்க மாதப்பன்தான் விமானம்.

இடுப்பில் கயிறு, கழுத்தில் கேமராப் பெட்டி. நாலைந்து வருஷத்தில் மலையிலிருந்த பங்களாக்களிலெல்லாம் அவன் எடுத்த படம் தொங்கியது. தலையும் கொஞ்சம் கனத்துவிட்டது. "படம் பொய் சொல்லாதுங்க" என்பான், சந்தையில் யாரும் கேட்காமலே.

ஒரு தடவை மலைச்சரிவு முழுவதும் விழுகிற மாதிரி பெரிய படம் கேட்டார் துரை. சரிவின் ஓரத்தில் மாதப்பனுடைய சாமைக்காடு. அந்த வருஷம் அதை விதைக்காமல் போட்டிருந்தான். விளைந்து களைத்த காட்டை ஓயவிட்டு, எருவுக்காக ஆட்டுப்பட்டி போடுவது மலைக்காரர் வழக்கம். பட்டி நிற்கிற காடு ஆளுள்ள காடு என்று ஊருக்கே தெரியும். ஆனால் மரத்தின் மேலிருந்து பார்த்தால் ஆடுகள் வெள்ளை வெள்ளையாய்க் கண்ணை உறுத்தின.

"ஏ புள்ளே, பட்டியைப் பிரிச்சு ஆட்டை அந்தாண்ட ஓட்டு! படம் அழுக்காவுது!"

"நம்ம காட்டுல நம்ம ஆடு நின்னா அழுக்குங்களா?" என்றாள் கீழே நின்ற அவன் மனைவி வெள்ளையம்மாள். கேட்டாளே ஒழிய, ஓட்டியும் விட்டாள். பெரிய கலைஞனுடைய பெண்டாட்டி அல்லவா!

படம் துலக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி வந்தது.

அடுத்த வருஷம் துரை, தன் எஸ்டேட்டை ஒட்டிய தரிசு தனக்கு வேண்டுமென்று மனுப் போட்டார். விசாரிக்க அதிகாரி ஒருவர் வந்தார். மேஜைமேல் மாதப்பன் எடுத்த படம்.

"சாமி, அது எங்க காடுங்க. பட்டி இருந்துச்சுங்க. படத்துக்காவ நாந்தான் எடுக்கச் சொன்னேனுங்க."

அதிகாரி படத்தை மூக்கருகே பிடித்துப் பார்த்தார். ஓர் ஆட்டுக்குட்டிகூட இல்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுவேல் சும்மா இருந்திருக்கலாம். "படம் பொய் சொல்லாதுன்னு நீதானே மாதப்பா சொல்லுவே?" என்றார்.

ஊரில் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள். மாதப்பன் துரை காசில் வைத்துக்கொண்டான்.

காடு துரை கைக்குப் போய், அதில் காப்பி நாற்று நட்டார்கள். துரை தாராளமானவர், புதுத் தோட்டத்தைப் படமெடுக்கிற வேலையையும் மாதப்பனுக்கே கொடுத்தார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, ஏறினான்.

பெட்டியில் கண்ணை வைத்தால், நாற்றுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய் ஆடுகள். அவற்றின் மத்தியில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெள்ளையம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த வாட்டி நாங்களும் படத்துல விழறமுங்களா?"

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஆட்டை ஓட்டச் சொல்லு மாதப்பா!" என்று கீழேயிருந்து ரைட்டர் கத்தினார்.

மாதப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக அவளையும் ஆடுகளையும் சேர்த்தே படத்தை எடுத்தான்.