சத்தமில்லாத ஓர் இடம்

அந்தப் புறநகரில் எல்லா வீடும் ஒரே அச்சு. காலையில் பாதி சனம் ரயிலேறி நகரத்துக்குப் போய்விடும். மீதிப் பாதி வீட்டுக்குள் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில், உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு நாற்காலி வாடகைக்குக் கிடைக்குமா என்று ஒருத்தி அலைந்துகொண்டிருந்தாள். வீட்டில் நாற்காலிக்கா பஞ்சம்? அமைதிக்குத்தான் பஞ்சம்.

அவளுக்குப் போனில் வேலை. துணி துவைக்கும் மெஷினும் ஃபிரிட்ஜும் விற்கிற ஒரு கம்பெனிக்கு வரும் புகார்களை வாங்கிக்கொள்கிற குரல் அவளுடையது. கம்பெனி தன் ஆபீஸை மூடிவிட்டு, எல்லாரையும் வீட்டிலிருந்தே பேசச் சொல்லிவிட்டது. குப்பை கொட்ட வெளியே வரும்போதுகூடக் காதில் மாட்டியதைக் கழற்ற மறந்துவிடுவாள். தெருப்பிள்ளைகள் ஹெட்செட் ஆன்ட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். திட்டு வாங்குவதே பிழைப்பு என்று ஆனபிறகு இதெல்லாம் ஒரு பொருட்டா? முன்பெல்லாம் யாராவது கத்தினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இப்போது எவன் என்ன கத்தினாலும் உள்ளே ஒன்றும் ஆவதில்லை. மரத்துப்போய்விட்டது.

வீட்டில் அவளும் அவளுடைய அக்காவும்தான். அக்கா ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் தலை நரைக்கும்வரை வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள். இப்போது நினைவு தப்பி, நேற்றும் இன்றும் குழம்பிக் கிடக்கிறது. மேசைப் பழக்கம் மட்டும் போகவில்லை. தங்கை போனில், "வணக்கம், சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் போதும், பக்கத்து அறையிலிருந்து குரல் வரும்: "யாரு வந்திருக்கா? உக்காரச் சொல்லு."

பதில் சொல்லாவிட்டால் விடமாட்டாள், எழுந்தே வந்துவிடுவாள். அதனால் தங்கை ஒரு வித்தை பழகிவைத்திருந்தாள். வணக்கம் சொன்ன கையோடு மியூட்டை அமுக்கி, "யாரும் இல்லக்கா" என்று ஒரு குரல் கொடுத்து, மியூட்டை எடுத்துவிட்டு, "மெஷின்ல என்ன பிரச்சினைங்க?" என்று கேட்பாள். எல்லாத் தடவையும் விரல் முந்திக்கொள்ளுமா? ஒருமுறை ஃபிரிட்ஜ் கெட்டுப்போன ஒருவர், "அங்க யாரோ என்னை உக்காரச் சொல்றாங்களே, நான் உக்காந்துதான் இருக்கேன்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பதிவைக் கேட்ட டீம் லீடர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"மேடம், இது ரெண்டாவது எச்சரிக்கை. பின்னாடி இன்னொரு தடவை வேற குரல் கேட்டுச்சுன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"புரியுது சார்."

புரியாமல் என்ன? வேலை போனால் வீடு போகும். வீடு போனால் அக்காவை ஏதாவது ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு இவள் எங்காவது ஒண்டிக்கொள்ள வேண்டும். அதை நினைத்தபோதும் அவளுக்கு அழுகை வரவில்லை. போனை எடுத்து, மேசை வாடகைக்குக் கிடைக்கும் இடம் தேடி 'கோ-ஒர்க்கிங்' என்று தட்டினாள்.

வரைபடத்தில் புள்ளிகள் வரத்தான் செய்தன. நேரில் போனால்தானே லட்சணம் தெரிகிறது. முதலில் போனது ஒரு ஜிம்முக்கு மேலே இருந்த மாடி. கீழே ஒருவன் இரும்பைக் கீழே போடும்போதெல்லாம் மேலே மேசை துள்ளியது. அங்கே வேலை பார்த்தவர்கள் காபிக் கோப்பையை மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்கள். இன்னொன்று, சோபாக் கடையின் பின்பக்கம். கடைக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் பேச ஆள் கிடைக்காமல் காய்ந்துபோயிருந்தவர். "நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் பாட்டுக்கு இருக்கேன்" என்று எதிரே உட்கார்ந்தவர் தன் மருமகனைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். நூலகத்துக்கும் போய்ப் பார்த்தாள். அங்கே அமைதிக்குக் குறைவில்லை, பேசத்தான் கூடாது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடைசியில் கிடைத்தது, மூடிப்போன ஒரு வங்கிக் கிளை. கௌன்டர்களைப் பெயர்த்துவிட்டு நீள மேசைகள் போட்டிருந்தார்கள். அங்கிருந்தவர்கள் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காவலாளி அவளைப் பின்னால் அழைத்துப்போய், தடித்த இரும்புக் கதவு ஒன்றை இழுத்துத் திறந்தார்.

"போன் பேசறவங்களுக்கு இந்த ரூம். முன்னாடி பணத்த வெச்சுப் பூட்டினாங்க, இப்ப உங்கள மாதிரி ஆளுங்கள வெக்கிறோம்."

"சத்தம் எதுவும் உள்ள வராதே?"

"உள்ளயும் வராது, வெளியிலயும் போகாது. நீங்க ஒப்பாரி வெச்சாக்கூட எனக்குக் கேக்காது."

"கதவு தானா பூட்டிக்குமா?"

"எப்பவாவது. நான் சாப்பிடப் போற நேரத்துல மட்டும் மாட்டிக்காதீங்க."

அவள் வீட்டு மாடியில் குடியிருந்த தையல்காரம்மா தன் தையல் மெஷினைக் கீழே இறக்கிக்கொண்டு அக்காவுக்குத் துணையாக இருக்கச் சம்மதித்தாள். மறுநாள் காலை தங்கை அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் அழைப்பை எடுத்தாள்.

"வணக்கம், சொல்லுங்க."

மியூட்டுக்கு இங்கே வேலை இல்லை என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. வாய்க்குத் தெரியவில்லை. "யாரும் இல்லக்கா" என்றாள்.

"அக்காவா? நான் ஆம்பளைங்க" என்றது எதிர்முனையில் ஒரு கட்டைக் குரல்.

மன்னிப்புக் கேட்டாள். அடுத்த அழைப்பிலும் அதே கூத்துதான். நாக்கைக் கடித்துக்கொண்டு எடுத்தாலும் வணக்கத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு அதுவும் வந்துவிட்டது. சாயங்காலம் டீம் லீடர் கூப்பிட்டார்.

"யார்கிட்ட மேடம் பேசிட்டிருக்கீங்க?"

"யார்கிட்டயும் இல்ல சார். பழக்கதோஷம்."

அவர் பதிவை மறுபடி கேட்டுவிட்டு லைனுக்கு வந்தார். "சரி, உங்க குரல் மட்டும்தான் இருக்கு. வேற குரல் இல்லாததால இது கணக்குல வராது. ஆனா அந்த வார்த்தைய விட்டுருங்க மேடம். கஸ்டமர்ஸ் பயப்படறாங்க."

விட்டாள். ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. வீட்டுக்குத் திரும்பினால் தையல்காரம்மா துணியை மடித்துக்கொண்டே, "உங்கக்காவால ஒரு தொந்தரவும் இல்லம்மா. வாயே தொறக்கறதில்ல" என்பாள். நல்லதாய்ப்போயிற்று என்று தங்கை நினைத்துக்கொள்வாள். அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பு இல்லை. அக்காவுக்குச் சோறு போடுவாள், மாத்திரை கொடுப்பாள், விளக்கை அணைப்பாள்.

இப்படியே மாதங்கள் ஓடின. ஒருநாள் டீம் லீடர் எச்சரிக்கைகளை நீக்கிவிட்டதாகச் சொன்னார். இனி வேலைக்குப் பயமில்லை, வீட்டுக்கும் பயமில்லை. சந்தோஷம் என்று சொல்லும்படி ஒன்றும் தோன்றாவிட்டாலும், அக்காவிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. மத்தியானமே கிளம்பிவிட்டாள்.

முன்னறையில் அக்கா தலையை வழித்து வாரி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே, தங்கை முன்பு வேலை பார்த்த அறையின் சாத்திய கதவு.

"வாங்க. உக்காருங்க" என்றாள் அக்கா.

தங்கை திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. பிறந்ததிலிருந்து வா, போ, எருமை என்றுதான் அக்கா அவளைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அக்கா, நான்தான்."

"சரிங்க. என் தங்கச்சியப் பாக்கத்தானே வந்தீங்க? உள்ள போன்ல இருக்கா. முடிச்சுட்டு வந்துருவா."

தையல் மெஷின் நின்றுவிட்டது. தங்கைக்கு வலித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு, நன்றாகவே வலித்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், "எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.

அக்கா உதட்டில் விரலை வைத்து, அவள் பக்கமாகச் சாய்ந்தாள்.

"மெதுவாப் பேசுங்க. நம்ம சத்தம் கேட்டா அவளுக்கு வேலை போயிரும்."

"சரிங்க" என்றாள் தங்கை.